அங்கியை எரித்த வழக்கறிஞர்: தோழர் சிங்காரவேலர்

(பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் நடைபெற்ற சிங்காரவேலர் பிறந்தநாள் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சிந்தனைச் சிற்பி சிங்காரவேலர் தம் வழக்கறிஞர் அங்கியைத் தீயிலிட்டார் என்பது கட்சித் தோழர்கள் அனைவரும் அறிந்த செய்தி. அது நிகழ்ந்தது 1921இல். அவர் மறைந்தது 1946இல். இடையில் கிடக்கும் இருபத்தைந்து ஆண்டுகளைப் பற்றி மேடைகளில் குறைவாகவே பேசப்படுகிறது. அங்கியை எரித்தபோது அவருக்கு வயது அறுபத்தொன்று. பலர் ஓய்வை நாடும் வயதில் அவருடைய அரசியல் வாழ்வு முழு வேகம் பெற்றது. அந்த வாழ்வு சட்டத்தைப் பற்றியும் தொழிலாளி வர்க்கத்தைப் பற்றியும் எழுப்பிய கேள்விகள் இன்றும் விடை கேட்டு நிற்கின்றன. ஸ்ரீராம்புரம் போன்ற உழைப்பாளர் பகுதியில் அவற்றைப் பேசுவது மிகவும் பொருத்தம்.

கடற்கரையின் பிள்ளை

சிங்காரவேலர் 1860 பிப்ரவரி 18 அன்று சென்னையில், மீனவர் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தையார் வெங்கடாசலம், தாயார் வள்ளியம்மை. குடும்பம் வசதி படைத்ததுதான். ஆயினும் சாதிப் படிநிலையில் மீனவர் குலம் எங்கே நிறுத்தப்பட்டிருந்தது என்பதை அவர் இளமையிலேயே உணர்ந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1889இல் அங்கம்மாளைச் சாதி மறுத்து மணந்தார். சட்டம் பயின்று 1907இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்தபோது அவருக்கு வயது நாற்பத்தேழு.

வழக்கறிஞர் ஆவதற்கு முன்பே அவர் தேர்ந்த வழி பௌத்தம். சாதியையும் சடங்கையும் ஏற்காத, அறிவைத் துணைக்கொள்ளும் நெறி என்ற வகையில் பௌத்தம் அவரை ஈர்த்தது. அவருடைய கடற்கரை இல்லம் மகாபோதி சங்கத்தின் கூட்டங்களுக்கும் விவாதங்களுக்கும் இடமளித்தது. பேராசிரியர் லட்சுமிநரசு போன்றோர் அந்த வட்டத்தினர். அதே காலத்தில் பண்டிதர் அயோத்திதாசர் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் பெங்களூரிலும் கோலார் தங்கவயலிலும் இயங்கின. சென்னையின் அறிவுத்துறையில் எழுந்த சாதி எதிர்ப்புக் குரலும், கன்னட மண்ணில் சுரங்கத்திலும் படைமுகாமிலும் உழைத்த தமிழரின் குரலும் அன்றே ஒன்றையொன்று அறிந்திருந்தன. டார்வினையும் ஸ்பென்சரையும் பயின்று, பின்னர் மார்க்சிடம் வந்து சேர்ந்த சிங்காரவேலரின் பயணம் இந்தப் பின்புலத்தில் தொடங்கியது.

சிகாகோவும் சென்னையும்

அவருடைய காலத்தவரான ஓர் அமெரிக்க வழக்கறிஞரை இங்கே நினைவுகூர்வது பயன் தரும். கிளாரன்ஸ் டாரோ 1857இல் பிறந்தவர். சிங்காரவேலருக்கு மூன்றாண்டு மூத்தவர். சிகாகோவில் இரயில்வே நிறுவனமொன்றின் வழக்கறிஞராகப் பணிபுரிந்தவர். 1894இல் புல்மேன் இரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் வெடித்தது. யூஜின் டெப்ஸ் தலைமையிலான இரயில்வே தொழிலாளர் சங்கம் அதற்கு ஆதரவாகக் களமிறங்கியது. அமெரிக்க அரசு படையை அனுப்பியது. படையைக் காட்டிலும் கூர்மையான வேறொரு கருவியையும் ஏவியது. அது நீதிமன்றத் தடையுத்தரவு. தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்குத் தூண்டும் சொல்லையே தடை செய்தது அந்த ஆணை. அதை மீறினார் என்று டெப்ஸ் ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1895இல் அதனை உறுதி செய்தது.

டாரோ இரயில்வே நிறுவனப் பதவியைத் துறந்து டெப்ஸுக்காக வாதாடினார். 1907இல் சுரங்கத் தொழிலாளர் தலைவர் ஹேவுட் மீது சுமத்தப்பட்ட கொலைவழக்கில் வாதாடி அவரை விடுவித்தார். இல்லினாய்ஸ் சட்டமன்றத்திலும் உறுப்பினராக இருந்தார். அவர் மதிப்புக்குரிய மனிதர். ஆனால் இறுதிவரை அவர் நின்ற இடம் தொழிலாளியின் பக்கத்தில், நீதிமன்றத்துக்குள். சிங்காரவேலரின் பாதை வேறு திசையில் சென்றது.

சிகாகோவில் பயன்பட்ட அதே கருவி இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் சென்னையில் எடுக்கப்பட்டது. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூர் பகுதி ஆலைத் தொழிலாளருக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி, இராமானுஜலு ஆகியோர் அதன் முன்னோடிகள். பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளை நடத்தியது பின்னி நிறுவனம். பெங்களூரில் இந்தப் பகுதித் தொழிலாளர் பல தலைமுறைகள் உழைத்த பின்னி ஆலையும் அந்த நிறுவனத்துக்கு உரியதே. 1920இல் ஆலை முடக்கப்பட்டபோது, தொழிலாளரை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்று வாடியா மீதும் சங்கத் தலைவர்கள் மீதும் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் தடையுத்தரவு வழங்கியது. இறுதியில் எட்டப்பட்ட சமரசத்தின்படி வாடியா தொழிலாளர் இயக்கத்திலிருந்து விலக நேர்ந்தது.

சங்கம் அமைத்துத் தலைமையேற்றதே சட்டத்தின் கண்ணில் குற்றமாயிற்று. சிங்காரவேலர் வழக்கறிஞராக இருந்த நீதிமன்றத்திலேயே இது நிகழ்ந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அங்கி எரிந்த ஆண்டு

1921இல் காந்தியடிகளின் ஒத்துழையாமை அழைப்பை ஏற்றுச் சிங்காரவேலர் வழக்கறிஞர் தொழிலைத் துறந்தார். அங்கியைப் பொதுமக்கள் முன் எரித்தார். தம் முடிவை அறிவித்துக் காந்தியடிகளுக்குத் திறந்த மடல் எழுதினார். அந்நாளில் தொழிலைத் துறந்த வழக்கறிஞர்கள் நாடெங்கும் பலர். சித்தரஞ்சன் தாஸும் மோதிலால் நேருவும் அவர்களுள் அடங்குவர். பிறரிடமிருந்து சிங்காரவேலர் வேறுபட்டது அங்கியைத் துறந்தபின் அவர் சென்று சேர்ந்த இடத்தினால். அவர் ஆலை வாயிலுக்குச் சென்றார்.

அதே ஆண்டு பின்னி ஆலைகளில் மாதக்கணக்கில் நீடித்த மாபெரும் வேலைநிறுத்தம் நடந்தது. அது தோல்வியில் முடிந்தது. துப்பாக்கிச் சூடுகளும் புளியந்தோப்புக் கலவரமும் அந்தப் போராட்டத்தின் மாறா வடுக்கள். ஆதி திராவிடத் தொழிலாளரில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினர். சாதி இந்து, இசுலாமியத் தொழிலாளர் வெளியே நின்றனர். அரசும் நிர்வாகமும் இந்தப் பிளவை நன்கு பயன்படுத்திக்கொண்டன. திரும்பிச் சென்றவர்களைக் கருங்காலிகள் என்று ஏசுவது எளிது. சேரிக்குள் சங்கம் அதற்கு முன் எத்தனை முறை சென்றது, கடன்சுமையில் மூழ்கிய குடும்பத்துக்குச் சங்கம் என்ன துணை செய்தது என்று கேட்பது கடினம். சாதியைத் தீண்டாத தொழிற்சங்கம் நெருக்கடி நாளில் சாதி வழியே உடையும். 1921இன் பாடம் இதுவே. பெங்களூரின் தமிழ் உழைப்பாளரில் தலித் மக்களின் பங்கை அறிந்த எவரும் இதைப் பழங்கதை என்று ஒதுக்க முடியாது. பிற்காலத்தில் சிங்காரவேலர் தீண்டாமையை உழைப்பாளியின் பொருளாதார அடிமைத்தனத்தோடு பிணைத்தே பேசினார், எழுதினார்.

செங்கொடி ஏறிய நாள்

1922 டிசம்பரில் கயா காங்கிரஸ் சித்தரஞ்சன் தாஸ் தலைமையில் கூடியது. சிங்காரவேலர் அந்த மேடையில் தம்மைக் கம்யூனிஸ்ட் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்டு பேசினார். தொழிலாளரும் விவசாயிகளும் இல்லாத விடுதலை இயக்கம் பாதி இயக்கமே என்பது அவருடைய நிலைப்பாடு. தொழிலாளரைத் திரட்டுவதற்காகக் காங்கிரஸ் அமைத்த குழுவில் அவரும் இடம்பெற்றார்.

1923 மே 1 அன்று சென்னையில் உயர் நீதிமன்றத்துக்கு எதிரிலுள்ள கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் மே தினக் கூட்டங்கள் நடந்தன. இந்திய மண்ணில் மே தினம் கொண்டாடப்பட்டது அதுவே முதன்முறை. செங்கொடி ஏற்றப்பட்டது. இந்துஸ்தான் தொழிலாளர் விவசாயிகள் கட்சியின் தொடக்கமும் அன்றே அறிவிக்கப்பட்டது. ‘தொழிலாளன்’ என்னும் தமிழ் இதழும் ஓர் ஆங்கில இதழும் அக்கட்சிக்காக வெளிவந்தன. எட்டு மணி நேர வேலை கேட்டு 1886இல் சிகாகோ வீதிகளில் எழுந்த முழக்கம், முப்பத்தேழு ஆண்டுகளில் வங்கக் கடலோரம் வந்து சேர்ந்தது. எந்த நீதிமன்றத்தில் வழக்கறிஞராக நின்றாரோ, அதன் எதிர் மணலில் தொழிலாளர் கூட்டம் கூடியது. இன்று அந்தக் கடற்கரைச் சாலையில் சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் ‘சிங்காரவேலர் மாளிகை’ என்ற பெயருடன் நிற்கிறது.

கூண்டில் நின்ற வழக்கறிஞர்

ஆங்கிலேய அரசு வாளாவிருக்கவில்லை. 1924 மார்ச்சில் கான்பூர் சதி வழக்கில் அவர் கைது செய்யப்பட்டார். எம்.என். ராய், முசாபர் அகமது, டாங்கே, சௌகத் உஸ்மானி, நளினி குப்தா ஆகியோரும் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள். நோய்வாய்ப்பட்டிருந்தமையால் சிங்காரவேலர் கான்பூர் நீதிமன்றத்தில் நிறுத்தப்படவில்லை. முசாபர் அகமது, டாங்கே, உஸ்மானி, நளினி குப்தா ஆகிய நால்வருக்கும் தலா நான்காண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. ஓராண்டு கழிந்தது. 1925 டிசம்பரில் அதே கான்பூரில் இந்திய மண்ணின் முதல் கம்யூனிஸ்ட் மாநாடு கூடியது. அதற்குத் தலைமையேற்றவர் அறுபத்தைந்து வயது சிங்காரவேலர். சதிகாரர் என்று எந்த நகரின் பெயரால் குற்றஞ்சாட்டினார்களோ, அந்த நகரிலேயே அவர் பகிரங்கமாகத் தலைமையுரை ஆற்றினார்.

அதே காலத்தில் சென்னை மாநகராட்சி உறுப்பினராகவும் செயல்பட்டார். தெருவிளக்கு, குடிநீர், பள்ளிப் பிள்ளைகளின் நலன் முதலியவை புரட்சியாளருக்குச் சிறியவை என்று அவர் கருதவில்லை. கோட்டையையும் வார்டையும் ஒரே அக்கறையோடு அணுகியவர் அவர்.

1928 ஜூலையில் தென்னிந்திய இரயில்வே வேலைநிறுத்தம் நடந்தது. நாகப்பட்டினம், போத்தனூர் பணிமனைகளைத் திருச்சி பொன்மலையில் ஒருங்கிணைத்து, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரை வெளியேற்ற நிர்வாகம் திட்டமிட்டிருந்தது. அதை எதிர்த்து நாகப்பட்டினம் முதல் தெற்குச் சீமை முழுவதும் தொழிலாளர் கிளர்ந்தனர். சிங்காரவேலரும் வங்கத் தொழிற்சங்கத் தலைவர் முகுந்தலால் சர்க்காரும் அவர்களோடு நின்றனர். வேலைநிறுத்தம் அடக்குமுறையால் நசுக்கப்பட்டது. சதி வழக்கில் அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது பதினெட்டு மாதங்களாகக் குறைந்தது. 1930இல் விடுதலையானபோது அவருக்கு வயது எழுபது.

டாரோ கூண்டிலிருந்த தொழிலாளிக்காக வெளியே நின்று வாதாடினார். சிங்காரவேலர் தொழிலாளியோடு கூண்டில் ஏறினார். இரண்டு பணிகளும் தேவையானவை. முதலாவதைச் செய்யப் பலர் கிடைப்பர். இரண்டாவதைச் செய்ய அறுபத்தெட்டு வயதில் முன்வருபவர் அரியர்.

தமிழில் பொதுவுடைமை

சிறையிலிருந்து வந்தவர் எழுதத் தொடங்கினார். பெரியாரின் ‘குடிஅரசு’ இதழில் அறிவியல், மூடநம்பிக்கை எதிர்ப்பு, சமதர்மம் பற்றிய கட்டுரைகளைத் தொடர்ந்து எழுதினார். 1931இல் அந்த இதழ் கம்யூனிஸ்ட் அறிக்கையைத் தமிழில் வெளியிடத் தொடங்கியது. பெரியார் சோவியத் நாட்டுப் பயணம் முடித்துத் திரும்பியபின், 1932 டிசம்பரில் ஈரோட்டில் கூடிய கூட்டத்தில் சிங்காரவேலர் வகுத்த சமதர்மத் திட்டம் முன்வைக்கப்பட்டது. இரயில்வே, வங்கி, கப்பல் போக்குவரத்து முதலியவற்றைப் பொதுவுடைமையாக்குவது, உழைப்பாளர், குடியானவர் கடன்களை நீக்குவது ஆகியன அதன் கூறுகள். சாதி ஒழிப்பு இயக்கமும் பொதுவுடைமை இயக்கமும் ஒரே திட்டத்தில் கைகோத்த அரிய தருணம் அது. அரசின் அடக்குமுறை அந்தக் கூட்டணியை நீடிக்க விடவில்லை. 1934இல் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டது. பெரியார் சமதர்மத் திட்டத்திலிருந்து பின்வாங்கினார். சிங்காரவேலர் தம் கருத்து மாறுபாட்டை மறைக்காமல் எழுதினார். 1935இல் ‘புது உலகம்’ இதழைத் தொடங்கினார்.

கடினமான கோட்பாட்டை ஆலைத் தொழிலாளிக்கு விளங்கும் தமிழில் சொல்ல முடியும் என்பதை மெய்ப்பித்தவர்களுள் அவர் முதன்மையானவர். விண்மீனைப் பற்றி எழுதினாலும் உபரி மதிப்பைப் பற்றி எழுதினாலும், படிப்பவர் கேள்வி கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

1946 பிப்ரவரி 11 அன்று அவர் மறைந்தார். அடுத்த வாரம், அவர் உயிரோடிருந்தால் எண்பத்தாறு வயது நிறைந்திருக்கும் பிப்ரவரி 18 அன்று, பம்பாயில் கடற்படை மாலுமிகள் கிளர்ச்சி தொடங்கியது. அதே ஆண்டு நவம்பர் 4 அன்று கோலார் தங்கவயலில் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர் உயிர்நீத்தனர். அவர் ஏற்றிய கொடியைக் கன்னட நாட்டில் தமிழ்த் தொழிலாளர் தம் குருதியால் காத்தனர்.

சட்டம் யார் பக்கம்?

பின்னி வழக்கின் தீர்ப்பு எழுப்பிய எதிர்ப்பு வீண்போகவில்லை. சங்கத் தலைவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று 1921இல் என்.எம். ஜோஷி மத்தியச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொணர்ந்தார். ஐந்தாண்டுப் போராட்டத்துக்குப் பின் 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. தொழில் தகராறில் ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்று பதிவு பெற்ற சங்கத்தின் மீது உரிமையியல் வழக்குத் தொடுக்க முடியாத நிலை அதன் பின்னரே ஏற்பட்டது. வாடியாவை வீழ்த்திய ஆயுதம் அவ்வாறு பறிக்கப்பட்டது. சட்டம் ஆளும் வர்க்கத்தின் கருவி என்பது உண்மை. போராட்டத்தின் அழுத்தம் அந்தக் கருவியின் முனையை மழுக்க முடியும் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே மார்க்சியப் பார்வை.

ஸ்ரீராம்புரத்துக்கு அருகிலிருந்த மினர்வா ஆலையின் பெயரை இந்தியாவில் சட்டம் பயிலும் மாணவர் அனைவரும் அறிவர். ஆலை நாட்டுடைமையாக்கப்பட்டதை எதிர்த்து உரிமையாளர் தரப்பு தொடுத்த வழக்கில் 1980இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசியல் சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்துக்குள்ள அதிகாரத்துக்கு எல்லை உண்டு என்ற அத்தீர்ப்பு, இன்றைய சூழலில் சனநாயகத்துக்கு அரணாகவும் விளங்குகிறது. ஆயினும் அந்த ஆலையில் தறி ஓட்டியோர், நூல் நூற்றோர் எவருடைய பெயரும் சட்ட நூல்களில் இல்லை. ஆலைகள் மூடப்பட்டன. பின்னி ஆலை நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துவிட்டன. ஆலைத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளிலும் உணவு விநியோக வேலையிலும் இருக்கின்றனர்.

அவர்களுக்கு இன்று வாய்த்திருக்கும் சட்டம் எது? 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டுள்ளன. முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த வேலைநிறுத்த முன்னறிவிப்பு நிபந்தனை இனி எல்லாத் தொழிலகங்களுக்கும் உரியது. பதினான்கு நாள் முன்னறிவிப்பின்றி வேலைநிறுத்தம் செய்தால் அது சட்டவிரோதம். பாதித் தொழிலாளர் ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமே. சட்டவிரோத வேலைநிறுத்தத்தைத் தூண்டுவோருக்கும் ஆதரிப்போருக்கும் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதமும் சிறையும் விதிக்கலாம். ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசின் முன் அனுமதி தேவைப்படும் வரம்பு நூறு தொழிலாளரிலிருந்து முந்நூறாக உயர்ந்துவிட்டது. தூண்டினார் என்று வாடியா மீது 1920இல் வந்த குற்றச்சாட்டு, நூறாண்டு கழித்துப் புதிய உடையில் திரும்பி வந்திருக்கிறது.

வேலை நேரத்தின் கதையும் இதுவே. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் மசோதாவை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்களும் இடதுசாரிகளும் ஒன்றுபட்டு எதிர்த்தனர். முதலில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. பின்னர் மே 1 அன்று, சென்னைக் கடற்கரையில் செங்கொடி ஏறிய நூறாம் ஆண்டு நிறைவு நாளில், அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். கர்நாடகத்தில் அதே ஆண்டு பிப்ரவரியில் நிறைவேறிய ஒத்த திருத்தம் சட்டமாகிவிட்டது. எல்லைக்கு இப்பால் ஒன்று, அப்பால் ஒன்று. எதிர்ப்பின் வலிமையே வேறுபாட்டைத் தீர்மானித்தது.

பெங்களூருத் தொழிலாளரால் அந்த வலிமையைத் திரட்ட முடியாது என்று எவரும் சொல்ல முடியாது. 2016 ஏப்ரலில் வருங்கால வைப்புநிதியை எடுக்கக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டபோது, இந்நகரின் ஆயத்த ஆடைத் தொழிலாளர், பெரும்பாலும் பெண்கள், ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்தனர். இரண்டே நாளில் மத்திய அரசு அந்த ஆணையைத் திரும்பப் பெற்றது. அவர்களுக்கு வலிமை இருந்தது. நிலையான சங்கம் இல்லை. வீதிக்கு வந்த கோபம் வீட்டுக்குத் திரும்பியபின் அதை அமைப்பாக மாற்றும் வேலை இன்னும் நிறைவேறவில்லை.

சிங்காரவேலருக்குச் செலுத்தும் அஞ்சலி அந்த வேலையில்தான் இருக்கிறது. சட்டம் அறிந்த தோழர்கள் புதிய தொகுப்புகளின் ஒவ்வொரு பிரிவையும் தமிழிலும் கன்னடத்திலும் எளிமையாக எழுதித் தொழிற்சாலை வாயில்களுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். சங்கம் சேரிக்குள்ளும் தையல் கூடத்துக்குள்ளும் முதலில் நுழைய வேண்டும், நெருக்கடி வந்தபின் அன்று. தமிழ்த் தொழிலாளியும் கன்னடத் தொழிலாளியும் வடமாநிலத் தொழிலாளியும் ஒரே பதிவேட்டில் பெயர் எழுத வேண்டும். 1921இல் பின்னி ஆலை வாயிலில் உடைந்த ஒற்றுமையை மீண்டும் உடைய விடாமல் காப்பது கட்சியின் கடமை.

அறுபத்தொரு வயதில் அங்கியை எரித்தவர் எண்பத்தைந்து வரை ஓயவில்லை. இன்றைய இளந்தோழர்களுக்கு முன்னே காலம் நிறையவே இருக்கிறது.

தோழர் சிங்காரவேலர் புகழ் ஓங்குக! தொழிலாளர் ஒற்றுமை வெல்க!